பார்த்ததில் ஒரு பகுதி

அவரிடம் மணி என்ன என்று கேட்டால், "என் வாட்சுல பத்தே காலுங்க" என்பார். வெறும் பத்தே கால் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே மழையா என்றால், "நான் உள்ள வந்தப்போ பேஞ்சுதுங்க" என்பார். ஜன்னல் கம்பியில் சாரல் தெறித்துக்கொண்டிருக்கும். அவர் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கும். எழுந்து திரும்பிப் பார்த்துவிட்டு, "இப்பவும் பேயுதுங்க" என்று சேர்த்துக்கொள்வார்.

கோயமுத்தூரில் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் நான் சூப்பிரண்டாக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். இன்னும் அவர்கள்தான் எனக்கு ஓய்வூதியம் அனுப்புகிறார்கள். அவர் என் கீழே குமாஸ்தா. கொடுமுடிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, காலர் தேய்ந்த வெள்ளைச் சட்டை, சிங்காநல்லூரிலிருந்து சைக்கிள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுமுன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எதையோ ஓட்டிப் பார்ப்பதுபோல் இமை துடிக்கும். அந்த இமை துடித்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு முறை மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். போகிற போக்கில் இவர் மேஜை அருகே நின்று, "ஆபீஸ் எப்பவும் இப்படித்தான் சுத்தமா இருக்குமா?" என்று கேட்டுவிட்டார். நான் பின்னாலிருந்து கையை ஆட்டினேன். இமை துடித்தது.

"இன்னைக்கு இப்படி இருக்குதுங்க. நேத்து வெள்ளையடிச்சாங்க. அதுக்கு முந்தி இருந்ததச் சொல்லட்டுங்களா?"

இன்னொரு முறை பல்லடத்திலிருந்து ஒரு பெண் வீட்டார், எங்கள் அலுவலகப் பையன் ஒருவனை மாப்பிள்ளையாகப் பார்த்துவிட்டு விசாரிக்க வந்தார்கள். அலுவலகத்தில் இத்தனை பேர் இருக்க, நேராக இவரிடம் போனார்கள். பையன் குடிப்பானா என்று கேட்டார்கள்.

"குடிச்சு நான் பாத்ததில்லீங்க."

அவர்கள் நிம்மதியாக எழுந்தார்கள். வாசல் வரை போனவர்களை இவர் கூப்பிட்டார். "ஏனுங்க, ஒரு நிமிசம். குடிச்சுப்போட்டு வந்து பாத்திருக்கனுங்க."

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கல்யாணம் நின்றது ஒரு பக்கம். பையன் போலீசுக்குப் பயந்து ஒரு வாரம் லீவில் போனான். லீவு என்றதும் ஞாபகம் வருகிறது. எல்லோரும் வயிற்றுவலி என்று எழுதும் இடத்தில் இவர், 'மாமனார் வீட்டில் விசேஷம். போக விருப்பமில்லை. போகாவிட்டால் வீட்டில் சண்டை வரும்' என்று எழுதிக் கொடுத்தார். விதிப்படி இது விடுப்புக்குக் காரணமாகுமா என்று நான் இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டினேன். தற்செயல் விடுப்புக்குக் காரணமே கேட்க வேண்டியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பதினைந்து வருடமாக நான் படித்துவந்த வயிற்றுவலிகள் எல்லாம் வீண்.

என் மனைவிக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிடப் பிடிக்காது. ஒரே ஒரு முறை காபி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள்.

இப்படிப்பட்ட மனிதரை அரசாங்கம் என்ன செய்யும்? சாட்சியாக்கும்.

மத்திய அரசு ஊழியர்களின் லஞ்சத்தைப் பிடிக்க அப்போது தில்லியின் கீழ் ஒரு தனிப் போலீஸ் இருந்தது. அறுபதுகளில் அதைப் பெரிதாக்கி வேறு பெயர் வைத்தார்கள். நான் சொல்வது பெயர் மாறுவதற்குச் சற்று முன்பு. ஜனங்கள் அதை 'டில்லி போலீஸ்' என்றார்கள். ஆட்கள் வந்ததென்னவோ சென்னையிலிருந்து. டில்லி போலீஸ் நினைத்தால் யாரையும் தூக்கிவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. எனக்கல்லவா தெரியும். ராஜ்ய சர்க்கார் சம்மதம் கொடுத்தால்தான் அது இந்த ராஜ்யத்துக்குள் கால் வைக்கலாம். வைத்தாலும் மத்திய அரசுச் சம்பளம் வாங்குகிறவனைத்தான் தொடலாம். ராஜ்ய சர்க்கார் ஆளான கிராமக் கர்ணத்தின் மேல் மனு எழுதிக்கொண்டு வந்தவர்களையெல்லாம், வாசல் இதல்ல என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டி.எஸ்.பி.க்குக் கீழே உள்ளவர் விசாரணை நடத்த வேண்டுமானால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ஆளைப் பிடித்தபின் வழக்குப் போட, அந்த ஆளை வேலையைவிட்டு நீக்க அதிகாரமுள்ளவரின் அனுமதி வேண்டும். அவர் பெரும்பாலும் அந்த ஆளுக்கு வருடா வருடம் நல்ல ரிப்போர்ட் எழுதியவராகவே இருப்பார். தண்டிக்கும் அதிகாரம் அறவே இல்லை; கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தலாம், அத்தோடு சரி.

சட்டம் அவர்களுக்குக் கொடுத்த ஆயுதம் ஒன்றே ஒன்று. பணத்தை வாங்கினார் என்று நிரூபித்துவிட்டால், அது லஞ்சம்தான் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது வாங்கியவர் பாடு. ஆகவே 'வாங்கினார்' என்று சொல்ல இரண்டு சுயேச்சையான சாட்சிகள் வேண்டும். அவர்களை வேறு மத்திய அலுவலகங்களிலிருந்து கேட்டு வாங்குவார்கள்.

'இரகசியம்' என்று தலைப்பிட்ட அந்தக் கடிதம் என் மேஜைக்கு வந்த பத்தாவது நிமிடம், அலுவலகத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு. இவருக்கு மட்டும் ஒன்றும் வராது. "போறனுங்க சார்" என்பார். அதனால் இவரையே அனுப்பினேன்.

முதல் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல், சம்பவ இடத்துக்கும் உமக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். "பன்னெண்டடி ஏழங்குலமுங்க." வக்கீல் சிரித்தார். அளந்து பார்த்தீரோ என்றார். "அளந்தனுங்க. அடுத்த நாள் டேப்பு கொண்டுபோயி." வக்கீல் உட்கார்ந்துவிட்டார். சென்னை டி.எஸ்.பி. என்னிடம் வந்து, "உங்க ஆள் சாட்சியில்லை சார், கருங்கல்" என்று மெச்சிவிட்டுப் போனார். கருங்கல் எந்தப் பக்கம் உருளும் என்பதை அவர் அப்போது யோசிக்கவில்லை.

பிறகு அந்தப் புகையிலை வழக்கு வந்தது.

புகையிலைக்கு அன்று மத்திய வரி உண்டு. பதப்படுத்திய புகையிலையில் ஒரு சிப்பத்தைத் தோட்டத்திலிருந்து நகர்த்த வேண்டுமானாலும் வரி இன்ஸ்பெக்டர் வந்து சரக்கைப் பார்த்து அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பவானிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு தோட்டத்துக்காரரின் புகையிலை, இரண்டு மாதமாக அவருடைய சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அடுக்கியபடியே கிடந்தது. இன்ஸ்பெக்டர் நாளை வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருவதற்கு ஒரு தொகையும் சொல்லியிருந்தார். மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஈரம் ஏறினால் புகையிலை குப்பை. தோட்டத்துக்காரர் டில்லி போலீசுக்கு மனு எழுதினார், அதுவும் தன் பெயரும் ஊரும் போட்டு. என் அனுபவத்தில் அது ஒரு அதிசயம்.

அங்கே நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர் அவர் என்பதால், நானே பார்த்ததுபோல எழுதலாம்.

பவானிப் பயணியர் பங்களாவில் டி.எஸ்.பி. பாடம் நடத்தினார். தோட்டத்துக்காரர் கொடுக்க வேண்டிய நோட்டுகளின் மேல் ஒரு வெள்ளைப் பொடியைத் தடவினார்கள். ஒரு கான்ஸ்டபிள் அதைத் தொட்டுவிட்டு, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் விரலை விட்டார். தண்ணீர் ரோஜா நிறமாயிற்று. தோட்டத்துக்காரர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது பூச்சி மருந்துங்களா?"

"இல்லை. அவர் கேட்டபிறகு எடுத்துக் குடுங்க. அதுவரைக்கும் சட்டைப் பையில கை வைக்கக் கூடாது."

"நான் எதுக்குங்க கை வெக்கறேன்?"

அந்தப் பொடி பூச்சி மருந்தல்ல. மலச்சிக்கலுக்கு டாக்டர்கள் கொடுக்கும் பேதி மருந்து. சோடா பட்டால் சிவக்கும் என்பதற்காகப் போலீஸ் அதைக் கடன் வாங்கியிருந்தது. காரம் எதில் இருந்தாலும், உதாரணமாகச் சுண்ணாம்பிலும், அது சிவக்கும். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் வரும் என்று டி.எஸ்.பி. நினைக்கவில்லை. அவர் ஊர் வேறு.

ஜீப்பில் ஏறினார்கள். பாதை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் தோட்டத்துக்காரர் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, "இருக்குதுங்க" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னார்.

சாளைக்கு முன்கூட்டியே போய்விட்டார்கள். டி.எஸ்.பி., ஒரு கான்ஸ்டபிள், வேறோர் அலுவலகத்திலிருந்து வந்த இரண்டாவது சாட்சி ஆகிய மூவரும் உள்ளறையில் புகையிலை அடுக்குக்குப் பின்னால் ஒளிவது என்று ஏற்பாடு. தோட்டத்துக்காரர் வாசற்படியில் கையை நீட்டி மறித்தார்.

"ஏனுங்க, மொத மொதல்ல ஊட்டுக்கு வந்திருக்கறீங்க. ஒரு வெத்தலை போட்டுட்டு ஒளிஞ்சுக்குங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்லைங்க."

"வெறும் வாயோட ஒளிஞ்சீங்கன்னா எனக்கு மனசு ஆறாதுங்க."

அந்தச் சீமையில் இதற்கு மேல் வாதம் கிடையாது. ஜீப் டிரைவர் உட்பட எல்லோருக்கும் ஆளுக்கொரு வெற்றிலையைத் தன் கையாலேயே துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். இலையில் சுண்ணாம்பு ரோஜா நிறமாக இருந்தது. அப்போது கடைகளில் ரோஸ் சுண்ணாம்பு விற்கும். அதனால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. இவர் மட்டும் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். டப்பாவில் வெள்ளையாக இருந்தது.

இவர் தோட்டத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தங்கையின் கணவர் என்று சொல்லிக்கொள்ளும்படி டி.எஸ்.பி. கேட்டிருந்தார். "நான் அப்படி இல்லீங்களே" என்று மறுத்துவிட்டார். நான் சொல்லிக்கறேன், தம்பி வாயைத் திறக்காம இருந்தாப் போதும் என்று தோட்டத்துக்காரர் பொறுப்பேற்றார்.

வரி இன்ஸ்பெக்டர் பெரிய பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு இது?"

"நம்ம தங்கச்சி ஊட்டுக்காரருங்க."

"எந்த ஊரு?"

"கொடுமுடிங்க" என்றார் இவர்.

"என்ன பண்றீங்க?"

இமை துடித்தது.

"இப்போதைக்கு உக்காந்திருக்கறனுங்க."

வேலையில்லாத ஆள் என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்துகொண்டார். கட்டிலைக் காட்டினார்கள், உட்காரவில்லை. வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள்; உள்ளங்கையை உயர்த்தினார்.

"டூட்டியில இருக்கறப்போ பார்ட்டி ஊட்டுல ஒரு வெத்தலை கூடத் தொட மாட்டேன். எனக்குன்னு ஒரு கொள்கை இருக்குது." பிறகு குரலைத் தணித்து, "நான் சொன்னது என்னாச்சு?" என்றார்.

தோட்டத்துக்காரர் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். இன்ஸ்பெக்டர் பதிவேட்டை விரித்துத் தூக்கி நிறுத்தினார், சரக்குப் பக்கத்தைத் தேடுகிற மாதிரி. நோட்டு இருந்த கை அதற்குப் பின்னால் போயிற்று. வெறுங்கையாகத் திரும்பி வந்தது. தோட்டத்துக்காரர் ஏற்பாட்டின்படி உரக்க, "அம்மணி, மோரு கொண்டா" என்றார். அது டி.எஸ்.பி.க்கான ஜாடை. அவருடைய மனைவியிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த அம்மாள் மோர்ச் செம்போடு வரவும், டி.எஸ்.பி. புகையிலைத் தூளோடு வெளியே பாயவும் சரியாக இருந்தது. தான் யார் என்று சொல்ல வாயைத் திறந்தார், தும்மல் வந்தது. "நூறு வயசுங்க" என்றார் அந்த அம்மாள். மூன்றாவது நூறுக்குப் பிறகுதான் பதவி வெளியே வந்தது.

நோட்டுகள் பதிவேட்டின் பக்கங்களுக்கு நடுவே இருந்தன. "இவர் எப்ப வெச்சாருன்னே எனக்குத் தெரியாது" என்றார் இன்ஸ்பெக்டர். கையைச் சோடாத் தண்ணீரில் விடச் சொன்னார்கள். ரோஜா நிறம். பாட்டிலில் ஊற்றி அரக்கு வைத்தார்கள்.

எல்லாம் முடிந்த திருப்தியில் டி.எஸ்.பி. மிச்சச் சோடாத் தண்ணீரில் தன் கையைக் கழுவினார். ரோஜா நிறம். கான்ஸ்டபிள் நம்ப முடியாமல் தன் கையையும் விட்டுப் பார்த்தார். அதுவும். டிரைவர் கையும். "யாரும் கை கழுவ வேண்டாம்" என்று டி.எஸ்.பி. உத்தரவு போட்டார்.

நடந்ததையெல்லாம் சாட்சிகள் கையெழுத்துப் போடுவதற்காக மகஜராக எழுதி முடித்தார்கள். இவர் நிதானமாகப் படித்தார்.

"சார், ஒண்ணு விட்டுப்போச்சுங்க."

"என்ன?"

"உங்க கைங்க."

"என் கை இந்த வழக்குல இல்லை. கையெழுத்தைப் போடுங்க."

இவர் போட்டார். போடுமுன் மேலே ஒரு வரி எழுதினார்: 'நான் பார்த்ததில் ஒரு பகுதி.' டி.எஸ்.பி. அதைச் சென்னைக்குப் போனபிறகுதான் கவனித்தார். அன்று சாயங்காலம் அவர் எதையும் படிக்கும் நிலையில் இல்லை. பொடி தன் இயல்பான வேலையைத் தொடங்கியிருந்தது. வெற்றிலை போட்டவர்கள் ஐந்து பேர், பங்களாவில் கழிப்பறை ஒன்று.

வழக்குப் போட அனுமதி வர எட்டு மாதம் ஆயிற்று. இதில் அதிசயமில்லை, நான் ஒன்பது என்று கணக்கிட்டிருந்தேன். அதற்குள் பாட்டிலில் இருந்த ரோஜா நிறம் வெளுத்து வெறும் தண்ணீராகிவிட்டது. இரண்டாவது சாட்சி மாற்றலாகிப் போன இடத்தில் ஞாபகசக்தியை இழந்துவிட்டார். மிஞ்சியவர் இவர் ஒருவர்தான்.

விசாரணைக்கு முந்தின வாரம் டி.எஸ்.பி.யும் தோட்டத்துக்காரரும் என் அறைக்கு வந்தார்கள். டி.எஸ்.பி. தன் கையைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேசினார். தோட்டத்துக்காரர் வளைக்கவில்லை.

"சார், அந்தாளு தப்பிச்சுட்டா மறுபடியும் எங்கூருக்குத்தான் வருவானாமா?"

வருவார் என்றேன். விடுதலையானால் தற்காலிக நீக்கம் ரத்தாகும், நின்றுபோன சம்பளம் மொத்தமாக வரும், பழைய நாற்காலியும் வரும். விதி அது.

"அப்பொறம் என் சாளையிலிருந்து ஒரு எலை வெளிய போகாதுங்க. பொகையிலயத் தீ வெச்சுப்போட்டு நான் பவானியில ஜமக்காளத் தறிக்குத்தான் போகோணும். நானா வந்து மாட்டிக்கிட்டனுங்க. அந்தத் தம்பிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லோணும்."

பொய் சொல்லச் சொல்ல நான் முட்டாளல்ல. இவரை அழைத்து, நடைமுறையில் குறை காண முடியாத ஒன்றைத்தான் சொன்னேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். வெத்தலைப் பேச்சை நீரா எடுக்காதீர்."

"கேட்டாச் சொல்லலாமுங்களா?"

"கேட்க மாட்டார்கள்."

"செரிங்க சார்."

கோர்ட்டுக்கு நானும் போனேன். சர்க்கார் வக்கீல் பூனை நடப்பதுபோல் இவரிடம் கேள்வி கேட்டார்.

"நோட்டு இருந்த கை ரெஜிஸ்தருக்குப் பின்னால போச்சுங்க. வெறுங்கையாத் திரும்பி வந்துதுங்க."

"இவர் வாங்கிக்கொண்டார், அப்படித்தானே?"

"அத நான் பாக்கலீங்க. ரெஜிஸ்தர் மறச்சுதுங்க."

தோட்டத்துக்காரர் சுவரோடு சாய்ந்துகொண்டார். சர்க்கார் வக்கீல், சோடாத் தண்ணீர் சிவந்ததை மட்டும் சொல்ல வைத்துவிட்டு அவசரமாக உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். ஊரில் பெரிய பெயர் அவருக்கு. கையில் மகஜரின் நகல்.

"'நான் பார்த்ததில் ஒரு பகுதி'ன்னு எழுதினது நீங்கதானே?"

"நான்தானுங்க."

"மிச்சப் பகுதி என்ன?"

இமை துடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னார். ஜீப், குழி, இரண்டு விரல், வெற்றிலை, டப்பாவில் வெள்ளை, இலையில் ரோஸ், டி.எஸ்.பி.யின் கை, கான்ஸ்டபிள் கை, டிரைவர் கை. தன் கை வீட்டில் சவுக்காரம் போட்டுக் கழுவியபோது சிவந்ததையும் விடவில்லை. டி.எஸ்.பி. தன் கைகளை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வக்கீல் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நல்ல கச்சேரியில் ஒரு துக்கடா பாடாமல் இறங்க மனம் வருமா?

"ஆக, அன்னைக்கு அந்தச் சாளையில எல்லார் கையும் செவந்துது. என் கட்சிக்காரர் கையும் அதே மாதிரிதான் செவந்துது. சரிதானே?"

"இல்லீங்க."

"எது இல்லை?"

"அதே மாதிரி இல்லீங்க. நாங்க எல்லாரும் வெத்தலை வாங்கினமுங்க. இவரு வாங்கலீங்க."

"வாங்கலைன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"அவரே சொன்னாருங்க. டூட்டியில இருக்கறப்போ பார்ட்டி ஊட்டுல ஒரு வெத்தலை கூடத் தொட மாட்டேன், எனக்குன்னு ஒரு கொள்கை இருக்குதுன்னாருங்க."

கோர்ட் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை; பேனாவை எடுத்தார். அந்த வீட்டில் அவர் வேறு எதையாவது தொட்டாரா என்று தாமே கேட்டார்.

"கட்டல்ல உக்காரலீங்க. மோரு வாங்கலீங்க. ரெஜிஸ்தரும் பேனாவும் அவரு கொண்டாந்ததுங்க. வேற எதையும் தொட்டு நான் பாக்கலீங்க."

கொள்கையுள்ள ஒரு கை, எதையுமே தொடாத கை, எதனால் சிவந்தது என்ற கேள்வி யாரும் கேட்காமலே அங்கே வந்து நின்றது. வக்கீல் மகஜர் நகலை மேஜைமேல் போட்டார். கடைசிக் கல்லை எறிந்தார்.

"இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் குடுத்துத்தானே வந்து சொல்றீங்க?"

"சொல்லிக் குடுத்தது நெசந்தானுங்க. ஆனா இத இல்லீங்க."

"யார் சொல்லிக் குடுத்தது?"

"அதா, மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்காருங்களே, எங்க சூப்பிரண்டு."

எல்லாத் தலைகளும் திரும்பின. என் பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அவர் என்ன சொல்லிக் குடுத்தார்?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும், வெத்தலைப் பேச்ச நீரா எடுக்காதீர்னு சொன்னாருங்க. நானா எடுக்கலீங்க சார்." கடைசி வாக்கியம் எனக்கு. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியதை நான் கவனித்தேனா என்று பார்த்தார்.

தண்டனை கிடைத்தது. தன்னை அழைத்து வந்த போலீசையும், தன் மேலதிகாரியையும், தன் கையையுமே விட்டுவைக்காத சாட்சியை நம்பாவிட்டால் வேறு எவரையும் நம்ப முடியாது என்று நீதிபதி எழுதினார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. அடுத்த பத்தி என்னைப் பற்றியது. அதை முழுவதும் எழுத விரும்பவில்லை. 'வருந்தத்தக்கது' என்ற சொல் இருந்தது, என் துறைக்கு நகல் அனுப்பவும் உத்தரவு இருந்தது.

கோர்ட் வாசலில் தோட்டத்துக்காரர் இவரைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க டப்பா கதைய ஆரம்பிச்சதும் என்னைய ஆத்துல தள்ளிப்போட்டீங்கன்னு நெனச்சனுங்க. ஏனுங் தம்பி, இனி ஊட்டுக்கு வர்றவங்களுக்கு நான் வெத்தலை குடுக்கட்டுமா, வேண்டாமுங்களா?"

இவர் யோசித்தார். "வெத்தலையில தப்பு நான் பாக்கலீங்க. கையக் கழுவிப்போட்டுக் குடுங்க."

மூன்று வாரத்தில் எனக்கு மெமோ வந்தது. சாட்சியத்தில் தலையிட்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள். தபாலைப் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, என் மேஜையில் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். இரகசியக் கடிதங்கள் அவர் பிரிவு.

விளக்கம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'உண்மையைத் தயங்காமல் கூறுமாறு மட்டுமே பொதுப்படையாக அறிவுறுத்தினேன்' என்று ஒரு வாக்கியம் செய்தேன். யாராலும் உடைக்க முடியாத வாக்கியம். டைப் அடிக்கக் கொடுத்தேன். அரைமணி கழித்து அவர் தாளோடு வந்து நின்றார்.

"என்ன?"

"அடிச்சுப்போட்டனுங்க. டைப் அடிச்சவன் அடியில இனிஷியல் போடோணுமுங்களே."

"போடும்."

"போட்டா நானும் ஒத்துப் பாத்த மாதிரி ஆகுங்க சார். நீங்க சொன்னத நான் கேட்டிருக்கறனுங்க. அது இது இல்லீங்க."

கோபம் வந்தது. இதோடு உம் வேலை போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் சண்டை ஏதும் இல்லை. எனக்கு ஒரு எழுத்துப் பிழையைக் காட்ட வந்தவர் மாதிரிதான் நின்றார். இனிஷியல் இல்லாத தாளை மேலே அனுப்ப முடியாது. வேறு ஆளிடம் டைப் அடிக்கக் கொடுத்தால், இரகசியக் கடிதத்தை வேறு பிரிவுக்குக் கொடுத்ததற்கு இன்னொரு மெமோ வரும். விதிகளை அவரைவிட நன்றாக அறிந்தவன் நான்.

தாளை வாங்கிக் கிழித்தேன். அவரையே உட்காரச் சொல்லி, நான் சொன்னது என்ன என்று கேட்டேன். சொன்னார். அதையே எழுதினேன். இரண்டு வரி வந்தது. அவர் டைப் அடித்து, ஒப்புப் பார்த்து, இனிஷியல் போட்டார்.

கண்டனம் என்று தீர்ப்பு வந்தது. என் சர்வீஸ் புத்தகத்தில் அந்த வரியை எழுதியவரும் அவர்தான். எழுதிவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, உத்தரவு எண்ணும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.